பங்கு கையில் இருக்கும்வரை

என் அண்ணன் பிறருடைய பணத்தை வாங்கிப் புதுக் கம்பெனிகளில் போடுகிறவர். அதற்கு முன்னால் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பொறியாளர். முகம் துடைத்த துண்டுகூடக் கறுத்துப்போகும். இனி நிலக்கரி இல்லாமல் சூடும் மின்சாரமும் வரும் வழிகளுக்குத்தான் என் உழைப்பு என்று ஒருநாள் வேலையை விட்டார். கரியில் சம்பாதித்ததைக் காற்றில் விடுகிறான் என்று சித்தப்பா இன்றுவரை கிண்டல் செய்கிறார். அண்ணன் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அவர் பணம் போட்டவற்றில் பாதி மண்ணைக் கவ்வின. ஒரு பேட்டரிக் கம்பெனி பெயர்ப்பலகை மாட்டுவதற்குள் மூடிவிட்டது. தாக்குப்பிடித்ததில் ஒன்று செங்கல்காரியுடையது. அந்தப் பெயர் நான் வைத்தது. காற்றாலை மின்சாரம் தேவைக்கு மிஞ்சும் நேரத்தில் அதைக் கொண்டு செங்கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டில் அட்டைப்பெட்டி ஆலைக்கு நீராவி கொடுக்கும் சூளையை அவள் கட்டிக்கொண்டிருந்தாள். பழைய கிடங்கு, தகரக் கூரை, உடைந்த செங்கல் குவியல், கூட்டம் நடத்த ஒரு மடக்கு மேசை. முதலீட்டாளர் சார்பில் அண்ணன் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தார். மாதம் ஒரு கூட்டம்.

இரண்டாம் வருடமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மற்ற இடங்களுக்குக் கசங்கிய சட்டையோடு போகிற மனிதர், கிடங்குக்குப் போகும் நாளில் மட்டும் இஸ்திரிப் பெட்டியை என்னிடமிருந்து பிடுங்குவார். கேட்டேன். அவளைப் பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பங்கு கையில் இருக்கும்வரை வாய் திறக்க முடியாதாம். பணம் போட்டவனுக்கு மறுப்புச் சொல்ல அவள் பயப்படலாம்; சரி என்று சொன்னாலும் அது மனசார வந்ததா என்று தெரியாது. நியாயம்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாம் வருடம் ஒரு கொதிகலன் கம்பெனி மொத்தத்தையும் விலைக்குக் கேட்டது. போட்டி வேண்டாமென்று வாங்கிப் பூட்டிவைக்கத்தான் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். விற்கலாம் என்று கை தூக்கியிருந்தால் அண்ணன் அன்றைக்கே தன் மனசைச் சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று வாக்களித்துவிட்டு வந்து, சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூளை பிழைத்ததே என்று சந்தோஷப்படுவதா, இந்த மனிதர் இப்படிக் காய்ந்துபோகிறாரே என்று அழுவதா? நான் அழுதேன்.

பத்தாம் வருடம், அண்ணன் பலரிடம் திரட்டிய முதலீட்டு நிதியின் ஆயுள் முடிந்தது. பங்குகளை விற்று, போட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். இந்தத் தடவை வாங்கியவர்கள் நல்லவர்கள். அவள் தலைமையிலேயே இன்னும் பல ஆலைகளில் சூளை கட்டப்போகிறார்கள். கையெழுத்தெல்லாம் முடிந்து மற்றவர்கள் கிளம்பியதும், அண்ணன் அந்த மேசையை மடக்கிக்கொண்டே தன் மனசை அவளிடம் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் சமையலறையில் நின்று என்னிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

அவள் கோபப்படவில்லையாம். "உங்க இடத்துல வேற ஆளை உக்கார வெச்சுட்டு, அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டிருக்கிறாள். இத்தனை வருடத்தில் எனக்கே இது தோன்றியதில்லை. அண்ணனுக்குத் தோன்றியிருந்தது.

"அப்புறம் மாசாமாசம் உங்களைப் பாக்க முடியாதே."

அவள் கையிலிருந்த செங்கல் தூசியைத் தட்டிவிட்டாளாம். பிறகு கேட்டாளாம்: "இப்ப வித்தாச்சு. இனிமே என்ன சொல்லிட்டு வருவீங்க?"

கம்பெனி தொடங்க வருகிறவர்களைக் கேள்வி கேட்டே குடைந்தெடுக்கிற மனிதர், தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பை அணைத்தேன்.

"திரும்பிப் போங்கண்ணா."

"போய் என்னன்னு சொல்றது?"

"சும்மா பாக்க வந்தேன்னு சொல்லுங்க."

அப்படி ஒரு வார்த்தையை அவர் ஆயுளில் யாரிடமும் சொன்னதில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, மெதுவாக, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.