அண்ணன் எழுதத் தேவையில்லாத பரீட்சை

என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. எம்.ரெட்டியபட்டியில் அவனோடு கையால் பேசத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதிலும் அப்பாவுக்கு அவசரத்தில் கை குழறும். அம்மாவுக்குக் களைவெட்டு, அடுப்பு என்று எந்நேரமும் கையில் வேலை. ஆகவே ஊர் சொல்வதை அவனுக்கும், அவன் சொல்வதை ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற உத்தியோகம் எனக்கு வாய்த்தது. சம்பளம் கிடையாது, அதிகாரம் ரொம்ப உண்டு. எனக்குப் பிடிக்காத சேதியை நான் பாதியிலேயே முழுங்கிவிடுவேன்.

அவன் பத்தாம் வகுப்பு படித்தபோது நான் அதே பள்ளிக்கூடத்தில் ஆறாவது. தமிழில் அவன் திணறுவான். ஊர்க்காரர்களின் உதடு 'வாரேன்' என்று அசையும். புத்தகத்தில் 'வருகிறேன்' என்று இருக்கும். உதட்டைப் பார்த்தே பாஷை கற்றுக்கொள்கிறவனுக்கு அது எப்பேர்ப்பட்ட மோசடி! இங்கிலீஷில் அந்த வம்பு இல்லை. எங்கள் ஊரில் யாரும் அதைப் பேசுவதில்லை. வாத்தியாரே அதைத் தமிழில்தான் நடத்துவார். எல்லோருக்கும் அது தாளில் மட்டும் இருந்தது. இங்கிலீஷைப் பொறுத்தவரை எங்கள் ஊரே செவிடு. அந்த ஒரு இடத்தில் மட்டும் அண்ணன் மற்றவர்களுக்குச் சமம். சமம் என்ன சமம், வகுப்பில் முதல் மார்க்கே அவன்தான். சவுதிக்குப் போன பாய் வீட்டுக்கு வரும் கம்பெனிக் கடிதம், டிராக்டர் லோனுக்கு வரும் நோட்டீசு என்று எல்லாம் அவனிடம் வரும். படித்துவிட்டு, அடியில் தப்பும் தவறுமாகத் தமிழில் எழுதிக் கொடுப்பான். வேறு எதற்காகவும் அவனைத் தேடி யாரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.

காது கேளாத பிள்ளைகள் இரண்டு மொழிப் பாடங்களில் ஒன்றை எழுதத் தேவையில்லை என்று அரசாங்கம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. வகுப்பாசிரியர் அப்பாவை வரச்சொல்லி, எந்தப் பாடம் வேண்டாம் என்று கேட்டார். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். இங்கிலீஷில் மூன்று முறை கோட்டைவிட்டு, பத்தாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. "இங்கிலீசு சார்" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் லோடு ஓட்டத்தை விட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அலைந்து சர்டிபிகேட் வாங்கி வந்தார். மகனுக்குப் பிடித்த சனியன் ஒழிந்தது என்று அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அண்ணனை ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதென்றால் என் கை வழியாகத்தான் கேட்டிருக்க வேண்டும். எனக்கும் தோன்றவில்லை.

நான்தான் ஓடிப்போய் அவனிடம் சொன்னேன். உனக்கு இங்கிலீஷ் பரீட்சை கிடையாது, ஜாலி என்று துள்ளித் துள்ளிக் கைகாட்டினேன். எனக்கு அப்படி ஒரு வரம் கிடைத்திருந்தால் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பேன். அவன் என் கையைப் பிடித்து நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

அந்த வாரமே அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகி, வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். படுத்துக்கொண்டே நோட்டைக் கிழித்துக் கிழித்து ஏதோ எழுதினான். நாலாவது தாள்தான் அவனுக்குத் திருப்தியாக இருந்தது. இங்கிலீஷில் எட்மாஸ்டருக்குக் கடிதம். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு வந்தது. அர்த்தத்தை அவனே கையால் சொன்னான். 'இந்தப் பரீட்சையை நான் எழுதத் தேவையில்லை என்று தெரியும். எனக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் எழுத ஆசைப்படுகிறேன். தயவுசெய்து என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.' எட்மாஸ்டர் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும், அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னான்.

பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் யோசித்தேன். கிறுக்குப்பய, ஊரே பயப்படுகிற பரீட்சையைத் தானாகப் போய்க் கேட்கிறானே என்று பாவமாக இருந்தது. வகுப்பில் முதல் மார்க்தான், ஆனால் அரசாங்கப் பரீட்சையில் ஃபெயிலாகிவிட்டால் அப்பா அலைந்ததெல்லாம் வீண்தானே? எட்மாஸ்டர் அறை வாசல்வரை போனேன். அவர் குனிந்து பரீட்சை எழுதுகிறவர்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அது டவுனுக்குப் போகிறது. நிமிர்ந்து, "என்னத்தா?" என்றார். "ஒண்ணுமில்ல சார், சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சத்துணவுக் கூடத்துப் பக்கம் போனேன். சமையல்காரம்மா அரிசி களையப் போயிருந்தார். கருவேல விறகு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், கொடுத்தாயா என்று கேட்டான். கொடுத்துவிட்டேன் என்றேன். என்ன சொன்னார் என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அம்மைக் கொப்புளங்களோடு அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து, அவனைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் எனக்கும் சிரிப்பு வந்தது.

ஹால் டிக்கெட்டில் இங்கிலீஷுக்கு நேராக விலக்கு என்று போட்டிருந்தது. வகுப்பாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் அவன் முதுகில் தட்டி, வீட்டில் நன்றாகத் தூங்கு என்று ஜாடை காட்டி அனுப்பினார். ஆனாலும் இங்கிலீஷ் பரீட்சையன்று விடியற்காலையிலேயே குளித்து, யூனிபாரம் மாட்டி, பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். அப்பா கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். அண்ணன் அவரை விலக்கிவிட்டு நடந்தான். அப்பாவை அவன் எதிர்த்ததை அன்றுதான் பார்த்தேன்.

"கூடவே போத்தா, எங்கிட்டாச்சும் போயிறப் போறான்" என்று அம்மா என்னைத் துரத்தினாள்.

அருப்புக்கோட்டையில் பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் ஒரு பெரியவர் கையில் பட்டியலோடு நின்றார். மேற்பார்வைக்கு வந்த வெளியூர் அதிகாரி. அண்ணனின் நம்பரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, சுவரில் வைத்து, இங்கிலீஷில் மூன்று வரி எழுதி நீட்டினான். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு சுத்தமா எழுதுறானே! ஏம்மா, எழுதத் தேவையில்லன்னுதான் சொல்லியிருக்கு, எழுதவே கூடாதுன்னு யாரும் சொல்லலியே. பட்டியல் போறதுக்கு முன்னாடி உங்க எட்மாஸ்டர்ட்ட ஒரு லெட்டர் குடுத்திருந்தா அவுகளே சேத்திருப்பாகளே. ஒரு நிமிச வேல. இப்பக் கேள்வித்தாளே எண்ணித்தான வந்திருக்கு, நான் என்ன செய்ய?"

அவர் உதடு பெரிய மீசைக்குள் இருந்தது. அண்ணனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே மணி அடித்தது. என்ன சொன்னார் என்று கையால் கேட்டான்.

உன் எட்மாஸ்டர் முடியாது என்று சொல்லிவிட்டாராம் என்று கைகாட்டினேன்.

அவன் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டான். என் கை சொன்னதை அவன் என்றைக்குமே சந்தேகப்பட்டதில்லை. அந்த எட்மாஸ்டர் நல்ல மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் கண்டால், உங்கண்ணன் ஏன் என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறான் என்று கேட்பார். இத்தனை வருஷத்தில் நான் அவருக்கும் சொல்லவில்லை, அண்ணனுக்கும் சொல்லவில்லை. அந்த அளவுக்குத் தைரியசாலி நான்.

அன்று வீட்டுக்குப் போகலாம் என்று நான் எவ்வளவோ இழுத்தும் அவன் வரவில்லை. பரீட்சை முடிகிறவரை எதிர்ச்சாரிப் புளியமரத்தடியில் நின்றான். பிள்ளைகள் பொலபொலவென்று வெளியே வந்தார்கள். "ஏலே, கொன்னுட்டாய்ங்கலே" என்று தலையில் அடித்துக்கொண்டு வந்த அவன் வகுப்புப் பையனிடம் கேள்வித்தாளை வாங்கிக்கொண்டான். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான். திருச்சுழி, திருச்சுழி என்று கண்டக்டர்கள் கத்துகிறார்கள். எங்கள் ஊர் பஸ் இரண்டு வந்து போய்விட்டது. அவன் நிமிரவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடிகாரத்தை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டு, உள்ளே எழுதியவர்களுக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் எழுதினான். நேரம் முடிந்ததும் பேனாவை மூடினான். நோட்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

விளையாடுகிறான் என்று நினைத்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று சந்தோஷம் வேறு. ஒரு வரிகூடப் புரியாமல், எல்லாப் பதிலுக்கும் பெரிசு பெரிசாக டிக் போட்டு, மேலே நூற்றுக்கு நூறு என்று எழுதி வட்டம் போட்டேன். அவன் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விடைத்தாளைத் திருத்த உலகத்தில் வேறு ஆளே இல்லாமல் ஆக்கியவள் நான்தான் என்பது, பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்த எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.