ஆறுதலாக வந்த மீன்கள்

பல் செட் செய்யும் பட்டறை ஒன்றில் அவளுக்கு மெழுகு வேலை. மருத்துவர்கள் எடுத்தனுப்பும் தாடை அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியதும் மெழுகில் ஈறு அமைத்து, ஒவ்வொரு பல்லாக அதில் பதிப்பாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் மெழுகக்கா. அவளைவிட வயதில் மூத்த முதலாளிக்கும் அப்படித்தான்.

கணவர் இறந்த செய்தி வந்தபோது அவள் கையில் யாரோ ஒருவரின் கீழ்த்தாடை இருந்தது. கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு, ஓய்வறை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றியவர், இன்னொன்றைக் கழற்றவில்லை. போனில் இதைக் கேட்டவள், "சரி, வரேன்" என்றாள். மெழுகு ஆறுவதற்குள் மிச்சமிருந்த கடைவாய்ப் பற்களை நேராக்கி வைத்தாள். ஸ்பிரிட் விளக்கை ஊதி அணைத்தாள். பிறகுதான் கிளம்பினாள். என்ன கல் நெஞ்சு என்று பட்டறையில் சிலர் பேசிக்கொண்டார்கள். அவள் நெஞ்சில் அப்போது கல்கூட இல்லை.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் சோபாவுக்கு எதிரே ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. அது முழுக்க முழுக்க அவளுடையது. நடுவில் பாறைகள், பாறைகளின்மேல் காற்றில் ஆடுவதுபோல ஆடும் பவளங்கள், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் ஜோடி, மணலுக்குள் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் ஒரு சின்ன மீன். அவ்வளவுதான். வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே: "இவ்வளவு பெரிய தொட்டியில இத்தனதானா?" கணவரே கிண்டல் செய்வார்.

"என் பஸ்ஸுல படியில தொங்குறாங்க. உன் தொட்டி காலியா ஓடுது பாரு."

"பஸ்ஸுல ஏறினவங்க இறங்கிப் போயிடுவாங்க. இதுங்க எங்க இறங்கும்?" என்பாள்.

அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. மீன் தின்பதும் கழிவதும் அதே தண்ணீரில்தான். பாறைகளில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் அந்தக் கழிவின் விஷத்தை முறிக்கின்றன. மீன்களை மெல்ல மெல்லக் கூட்டினால் கிருமிகளும் பெருகி ஈடுகொடுக்கும், அதற்கும் ஓர் அளவு உண்டு. திடீரென்று நிறைய மீன்களை விட்டால் விஷம் தேங்கிவிடும். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

கணவர் போனபின் முதலில் வந்தது கொழுந்தன். அவருடைய தம்பி, குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். கையில் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பை, அதற்குள் எலுமிச்சை நிறத்தில் தட்டையான ஒரு மீன்.

"அண்ணி, அண்ணன் இல்லாம வீடே வெறிச்சுனு கிடக்கு. இது ஓயாம சுத்திட்டே இருக்குமாம். கடைக்காரர் சொன்னார். நீங்க பாத்துட்டு இருங்க."

அவன் கண்கள் வீங்கியிருந்தன. அந்த மீனுக்கு நீந்த நீளமான இடம் வேண்டும், இந்தத் தொட்டி போதாது என்பது அவளுக்குத் தெரியும். "சரி தம்பி" என்றாள்.

அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவளுக்கு மீன் பிடிக்கும், ஆகவே மீன் கொடுத்தால் மனம் தேறும் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. முதலாளி ஒரு நீல மீன் கூட்டத்தையே வாங்கி அனுப்பினார். மாடி வீட்டம்மா, ஊரைவிட்டுப் போகும் தன் தம்பியின் தொட்டியிலிருந்து கோடு போட்ட மீன்களைக் கொண்டுவந்து, "பாவம், அதுங்களுக்கும் ஒரு வீடு வேணுமில்ல" என்றார். அவளுடைய சொந்த அக்கா ஒரு சிவப்பு மீனோடு வந்து, இரண்டு நாள் தங்கி, அழுதுவிட்டுப் போனாள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: சரி. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் விளக்க வேண்டும். விளக்கும் அளவுக்கு வாயில் சொற்கள் இல்லை.

ஆனால் கைகள் பழகியதைச் செய்தன. புது மீன் வந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரை அதற்குள் சொட்டுச் சொட்டாகக் கலந்து, பழகியபின் மீனை மட்டும் வலையில் எடுத்து உள்ளே விட்டாள். விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, வழக்கம்போலச் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துத் துளி விட்டாள். நிறம் மாறியது. மாறக்கூடாத நிறத்துக்கு மாறியது. அதைப் பார்த்தாள், குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

கூடம் கலகலவென்று ஆகிவிட்டதாக வந்தவர்கள் சொன்னார்கள். அவள் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பாள். நீல மீன்கள் எல்லோரையும் விரட்டின. மஞ்சள் மீன் கண்ணாடியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முட்டி முட்டித் திரும்பியது. கோமாளி ஜோடி ஒரு மூலையோடு ஒடுங்கியது. சின்ன மீன் மணலிலிருந்து எட்டிப் பார்ப்பது நின்றுபோனது. பவளங்கள் சுருங்கிக்கொண்டன, பாறைகளில் பழுப்புப் பாசி படர்ந்தது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடுவதைப் பார்ப்பதுபோல அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில் எழுந்து வந்தபோது, உயிரோடிருந்த மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில செத்து அடியில் கிடந்தன. அவற்றில் கோமாளி ஜோடியின் பெரியதும் ஒன்று. அதை அவள் வாங்கியது கல்யாணமான புதிதில். ஒழுங்காக உப்புக் கலந்து நல்ல தண்ணீர் தயார் செய்ய நேரமில்லை. இருந்த கொஞ்சத்தை ஊற்றினாள். செத்தவற்றை வலையில் எடுத்துச் செய்தித்தாளில் மடித்தாள். பெரிய கோமாளி மீனை மடிக்கும்போது ஏதாவது வரும் என்று சற்று நின்றாள். வரவில்லை. குப்பைத் தொட்டியை மூடிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று மாலை கொழுந்தன் வந்தான். கையில் பை. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன்.

"இத பாருங்க அண்ணி, என்ன கலரு!"

"வேணாம் தம்பி."

அந்தச் சொல் வந்துவிட்டதில் அவளுக்கே வியப்பு.

"ஏன் அண்ணி? ஆசையா வாங்கிட்டு வந்தேன். அண்ணன் இருந்திருந்தா—"

"அண்ணன் இருந்தப்பவும் இதுல மூணுதான் இருந்துச்சு. இப்ப போய்ப் பாருங்க. காலையில செத்தத அள்ளிப் போட்டேன்."

அவன் தொட்டியைக் குனிந்து பார்த்தான். மூச்சு வாங்கும் மீன்களைப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது.

"இடம் நெறைய இருக்கேனு நெனச்சேன்."

"கண்ணுக்கு இருக்கு. தண்ணி தாங்கல."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

அவன் பையைப் பிடித்தபடியே நின்றான். பிறகு கேட்டான்: "இப்ப என்ன பண்ணணும்?"

புதிதாக வந்தவற்றைப் பிடித்து, பையில் இருப்பதோடு சேர்த்துக் கடைக்காரரின் பெரிய தொட்டிக்கு அனுப்ப வேண்டும். சொல்வதற்குச் சுலபம். பாறை நிறைந்த தொட்டியில் மீன் பிடிக்கப் போனவர்களுக்குத்தான் தெரியும். கொழுந்தன் சட்டைக் கையை மடித்துவிட்டு வலையோடு வேலையில் இறங்கினான். மஞ்சள் மீன் அவன் கைக்கு அடியில் புகுந்து பாறைக்குப் பின்னால் போய் நின்றது. நீல மீன்கள் பொந்துக்குள் போய்விட்டு, அவன் வலையை எடுத்ததும் வெளியே வந்து பார்த்தன. தரை நனைந்தது, சோபா நனைந்தது, அவன் மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மினான்.

"என்னையப் பாத்து சிரிக்குதுங்க அண்ணி."

வலையை வைத்துவிட்டு வெறுங்கையை முழங்கை வரை உள்ளே விட்டான். அப்போது அவளுக்கு வாசனை வந்தது. சோப்பு வாசனை.

"சோப்பு போட்டா கைய கழுவினீங்க?"

"ஆமா, வேலையில இருந்து வந்தேன், கிரீஸு—"

"எடுங்க கைய! எடுங்கன்னா! இருக்கறதயும் கொல்லப் போறீங்களா? வரிசையா எல்லாரும் கொண்டாந்து கொட்டுறீங்க, ஒருத்தராவது கேட்டீங்களா?"

குரல் மாடி வரை கேட்டிருக்கும். அவன் கையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அவளும் அப்படியே நின்றாள். கணவர் போனபின் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல்முறை. காதுமடல் சூடாக இருந்தது. அது கோபம் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வெறும் தண்ணியில தேச்சுக் கழுவிட்டு வாங்க" என்றாள், தணிந்த குரலில்.

பாறைகளை ஒவ்வொன்றாக வாளிகளுக்கு மாற்றினார்கள். ஒளிய இடமில்லாமல் போனதும் மீன்கள் அகப்பட்டன. இடையில் ஒருமுறை கொழுந்தன் பாறையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான். அண்ணனுக்கு ஒரு முறையாவது நல்லதாக ஏதாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்றான். அவள் பாறையை வாங்கி வாளியில் வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆனால் அவன் தோளில் சொட்டிய தண்ணீரைத் துண்டால் துடைத்துவிட்டாள்.

கொடுத்தவர்களுக்கு மறுநாள் சொல்லிவிட்டாள். முதலாளிக்குத் தான் அனுப்பியதே மறந்திருந்தது. மாடி வீட்டம்மா சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா போனில் சண்டைக்கு வந்தாள்.

"நான் குடுத்தத திருப்பி அனுப்பிட்டியாடி?"

"ஆமாக்கா."

"அன்னைக்கே வேணாம்னு சொல்றதுக்கென்ன?"

"அன்னைக்கு வாய் வரல."

மறுமுனையில் அக்கா மூக்கைச் சிந்தினாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள்.

தொட்டி தேற மாதங்கள் ஆயின. பவளங்களில் பாதி போய்விட்டது, மீதி மெல்லத் திறந்தது. ஒரு நீல மீன் மட்டும் கடைசிவரை அகப்படவில்லை. அதை விட்டுவிட்டாள். ஜோடியை இழந்த கோமாளி மீனுக்குத் துணை கொண்டுவரவா என்று கடைக்காரர் கேட்டார். "இப்ப வேணாம்ண்ணே" என்றாள். அந்தச் சொல் இப்போது எளிதாக வந்தது.

கொழுந்தன் இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறான், வெறுங்கையோடு. ஒருநாள் வாசலிலேயே நின்று, "உங்களுக்கு என்னதான் அண்ணி வேணும்?" என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். "உப்புத் தண்ணி கலந்து வாளியில வச்சிருக்கேன். உங்க அண்ணன்தான் தூக்கி ஊத்துவார். எனக்கு இடுப்பு பிடிக்குது."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கையை வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டு, வாளியைத் தூக்கினான்.