பொம்மைக் கடைவீதியில் ஓர் ஆக்கிரமிப்பு

வடகரை பாஹிமாவுக்கு வயது நாற்பத்தொன்று. கணவர் சவூதியில், தம்மாமில். தொழில், பள்ளிச் சீருடை தைப்பது. பழக்கம், பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே இருப்பது. குற்றாலத்தில் ஒருவர்மேல் சந்தேகம் வர இந்தப் பழக்கம் ஒன்றே போதும்.

சபரிமலைக் கூட்டம் ஓய்ந்தால் சாரல் பிடிக்கும்வரை அருவிக்கரைக் கடைகளில் பாதி பூட்டித்தான் கிடக்கும். அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு பழக்கடையை மே மாதக் கடைசிவரை பாஹிமா வாடகைக்குப் பிடித்திருந்தார். அடுத்தது இசக்கியப்பனின் எண்ணெய் மசாஜ் கடை. பழக்கடையின் மாற்றுச்சாவியும் அவரிடம்தான்.

“இன்னைக்கு எவ்வளவும்மா முடிஞ்சுது?” என்று தினமும் கேட்பார்.

“நாலு செகண்டு அண்ணாச்சி.”

எட்டு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு நாலு விநாடி வேலை முடிந்தது என்பவர் அரசாங்க ஆளாகத்தான் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, குளிக்க வருகிறவர்கள் வீசிப்போகும் ஷாம்பு பாக்கெட்டுகளைப் பொறுக்கி வேறு பையில் போடுகிறார். சாட்சியம் சேர்க்கிறார்!

பாஹிமா சேர்த்தது படத்துக்கு. ஷாம்பு பாக்கெட் அடைத்த ஓடையைக் களிமண்ணில் செய்த மலை அணில் ஒன்று திறந்துவிடுகிற கதை. அணிலை மயிரிழை நகர்த்திச் செல்போனில் ஒரு போட்டோ, இன்னொரு மயிரிழை, இன்னொரு போட்டோ. பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு விநாடி. குடும்பத்தோடு பார்க்க ஒன்பது நிமிடப் படம். ஜூனில் தென்காசிப் பள்ளி ஒன்றில் போட்டுக் காட்டுவதாகப் பேச்சு. ஓடை திறக்கும் கடைசிக் காட்சி பாக்கியிருக்க, மே முப்பத்தொன்று வந்துவிட்டது. விடிந்தால் பழக்காரர் மங்குஸ்தான் கூடைகளோடு வந்து நிற்பார்.

அன்று மதியம் பாஹிமா சாப்பிடப் போன நேரம் இசக்கியப்பன் ஷட்டரைத் தூக்கினார். தரை முழுக்க அட்டையில் செய்த குற்றாலம் கடைவீதி. சிப்ஸ் கடை, அல்வாக் கடை, துண்டுக் கடை, எல்லாம் வரிசை பிசகாமல். தம் கடை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் நீலக் கண்ணாடித்தாளில் ஓடை.

பதினெட்டு வருடமாக அவர் எதற்குப் பயந்தாரோ அது தரையில் கிடந்தது. ஆக்கிரமிப்பை அகற்றும் பிளான்!

பாஹிமா திரும்பியபோது ஓடைக்கு நடுவே சோப்பு அட்டையில் ஒரு கடை முளைத்திருந்தது. போர்டில் ‘இசக்கி மசாஜ்’. பக்கத்தில் சாவியும் கையுமாக இசக்கியப்பன்.

“அண்ணாச்சி, இது படம்.”

“எல்லாப் பிளானும் மொதல்ல படமாத்தான் வருது. என் கடைய மட்டும் தூக்கச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல. கால்வாய் மேல இருக்குறது உங்க கடைதான. தண்ணி போவ வழி வேண்டாமா?”

“பாரு, ஆபீசர் மாதிரியே பேசுத! கடையில கை வச்சே, ஷட்டரப் பூட்டிருவேன்.”

அரை மணி நேரம் இதிலேயே போனது. பாஹிமா அணிலைப் பார்த்தார், வெளியே சாயும் வெயிலைப் பார்த்தார்.

“கடை இருக்கட்டும். ஓரமா ஒதுங்குனாப் போதும். நான் தொடல, நீங்களே நகத்துங்க.”

“எவ்வளவு?”

“மூணு விரக்கடை. நாப்பத்தெட்டு தடவையா.”

“நானாச் சம்மதிச்சு ஒதுங்குனேன்னு எழுதிற மாட்டியே?”

சீருடை அளவெழுதும் தாளில் ‘இது பொம்மைக் கடை’ என்று பாஹிமா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே இசக்கியப்பன் உட்கார்ந்தார். அணிலை பாஹிமா, கடையை அவர். பதினெட்டு வருடம் அடுத்தவர் முதுகை நீவிய விரல்களில் நடுக்கமே இல்லை. மயிரிழை என்றால் மயிரிழைதான். ஆறு மணிக்குக் கடை ஓரம் போய்ச் சேர்ந்தது. ஓடை திறந்தது, படம் முடிந்தது.

இசக்கியப்பன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“ஏம்மா, தண்ணி எல்லாம் போன பெறவு கடை பழைய எடத்துக்கே திரும்பி வர்ற மாதிரி ஒரு நூறு போட்டோ எடுத்திரேன்.”

“அது வெளிய நெசத்துலயே நடக்குதே அண்ணாச்சி, படத்துல வேண்டாம்” என்று பாஹிமா செல்போனை அணைத்தார்.