தம்பி உட்கார்ந்த மேசை

எங்கள் இறால் கம்பெனியில் நஜீமா எனக்கு எதிரே உட்காருவாள். ஹாலந்துக் கடலில் பிடித்த பொடி இறால் லாரியில் கடல் தாண்டி எங்கள் தெத்துவான் ஊருக்கு வரும். நாங்கள் தோலுரித்துக் கொடுத்ததும் அதே லாரிகளில் ஹாலந்துக்கே திரும்பிப் போய்விடும். பேசினால் மேற்பார்வைக்காரி முறைப்பாள் என்பதால், உதடு அசையாமல் பேச எல்லோருமே பழகியிருந்தோம்.

ஒரு நாள் நஜீமா அப்படித்தான் கேட்டாள்.

"லுப்னா, போக்கர்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"சினிமால பாத்திருக்கேன். தோத்தவன் துப்பாக்கிய எடுப்பான்."

"நான் கத்துக்கப் போறேன்."

நாற்பதைத் தாண்டியவள், ஒரு வேளைத் தொழுகையைக்கூடத் தவறவிடாதவள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஹராம்டி."

"காசு வெச்சு ஆடினாத்தான் ஹராம். இது போன்ல, சும்மா ஆடறது. ஸுஹைர் ஆடறானாம்."

அவள் வாயில் அந்தப் பெயரைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஸுஹைர் அவளுடைய ஒரே தம்பி. ஹாலந்துக்குப் போனவன், முறையான காகிதம் இல்லாமலேயே அங்கே தங்கிவிட்டான். எல்லையைத் தாண்டி வந்தால் திரும்பப் போக முடியாது. அப்பா இறந்தபோது அவன் வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் போன் செய்தான். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லோரும் மகன் எங்கே, மகன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆத்திரத்தில் நஜீமா, "உனக்கு இங்க யாரும் இல்ல. இனிமே கூப்பிடாத" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவனும் சொன்னபடியே கூப்பிடவில்லை. கோபம் தணிந்து இவள் கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை. வீட்டில் வருமானம் நின்று, நஜீமா கம்பெனிக்கு வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்ற சேதியை ஸலாம்தான் கொண்டுவந்தான். எங்கள் தெருவில், பாப் தூத் என்ற பழைய கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், ஸுஹைரோடு ஒன்றாகப் படித்தவன். போக்கர் ஆடும் ஒரு ஆப்பில் 'பாப் தூத்' என்று ஒரு பெயரைப் பார்த்து, யாரடா நம்ம தெருக்காரன் என்று விசாரித்திருக்கிறான். ஸுஹைர். தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கே வந்து உட்காருவானாம்.

"நம்பர் கேட்டேன் அக்கா, தரல. வீட்டப் பத்திப் பேசினா எழுந்து போயிடுறான்" என்றான் ஸலாம்.

"அப்ப எனக்கு ஆடக் கத்துக்குடு" என்றாள் நஜீமா.

வேலை விட்டதும் அவளோடு நானும் அந்தக் கடைக்குப் போனேன். ஸலாம் உடைந்த போன்களை ஒதுக்கிவிட்டு மேசைமேல் சீட்டைப் பரப்பினான்.

"ஆளுக்கு ரெண்டு சீட்டு, அத யாருக்கும் காட்டக் கூடாது. நடுவுல அஞ்சு சீட்டு வரும், அது எல்லாருக்கும் பொது. மொத்தம் ஏழுல நல்லதா அஞ்சு சேக்கணும். அவ்வளவுதான்."

"ஜோடி வந்தா கத்தணுமா?"

ஸலாம் சிரித்துவிட்டான். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம் ரோந்தா. ஸ்பெயின் சீட்டில் ஆடுவது. கையில் ஜோடி வந்தால் 'ரோந்தா' என்று உரக்கச் சொல்லியாக வேண்டும்.

"கத்தினா போச்சு அக்கா. இது வாய மூடிக்கிட்டு ஆடற ஆட்டம்."

ஆப்பில் அவளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஸலாம் அவள் பக்கம் மோந்து பார்த்து 'இறால்' என்று அடித்தான். நஜீமா அவன் தோளில் ஒரு அடி போட்டாள், ஆனால் மாற்றச் சொல்லவில்லை. சும்மா ஆட, காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்க ஆப்பே ஒரு குவியல் வில்லை கொடுத்தது. தோற்றுவிட்டால் மறுநாள் திரும்பவும் கொடுக்கும்.

முதல் வாரம் முழுவதும் தோற்றாள். வந்த சீட்டு எதையும் விட மனசு வராது அவளுக்கு. இரண்டும் நாலும் வந்தால்கூட, நடுவில் ஏதாவது வரும் என்று கடைசிவரை இருப்பாள். பிரேசில்காரன் ஒருவன் அவளைத் தேடித் தேடி வந்து உட்கார ஆரம்பித்தான். "என்னைய ஹலுவா மாதிரி திங்கறாண்டி அவன்" என்பாள்.

பிறகு ஒரு சாயங்காலம், ஆப்பில் தம்பி இருந்த மேசையில் ஒரு இடம் காலியானது. ஸலாம் அவளை அங்கே உட்காரவைத்தான்.

மறுநாள் இறால் உரித்துக்கொண்டே சொன்னாள். தம்பியின் பெயருக்கு மேல் ஒரு வட்டம், அதில் ஒரு சைக்கிள் படம். வேறொன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் தன் முறை வந்ததைக் கவனிக்கவில்லை. நேரம் முடிந்து சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்த முறையும் அப்படியே. அப்போது அவன் எழுதினான்: "புதுசா?"

நம் ஊர் அரபுப் பேச்சில்தான் எழுதினானாம், நாம் போனில் அடிப்பதுபோல ஆங்கில எழுத்தும் எண்களும் கலந்து.

"ஆமா" என்று இவள் எழுதினாள்.

"எந்த ஊரு?"

"தாஞ்சியர்" என்று பொய் சொன்னாள்.

அன்றிலிருந்து ஸுஹைர் யாரென்று தெரியாமலேயே தன் அக்காவுக்குப் போக்கர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். "பிடிக்காத சீட்ட உடனே கீழ போட்டுடு. எல்லா ஆட்டத்துலயும் இருந்தே ஆகணும்னு இல்ல." "கடைசில பேசறவனுக்குத்தான் லாபம். மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பாத்துட்டுப் பண்ணு." "அந்தப் பிரேசில்காரன் பெருசா வெச்சா நம்பாத. பொய்."

நஜீமா அவற்றைக் குர்ஆன் வசனம்போல எங்களிடம் ஒப்பிப்பாள். அவன் மத்தி மீன் பொரித்ததை, வீட்டுக்காரன் வாசனைக்குத் திட்டியதை, சளி பிடித்ததை எல்லாம் சொல்வாள். எங்கள் வரிசையில் பன்னிரண்டு பெண்களுக்கும் ஸுஹைரின் சளி எப்படி இருக்கிறது என்று தெரியும்.

"நான்தான் அக்கான்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னா எழுந்து போயிடுவான். இப்ப பக்கத்துல உக்காந்திருக்கான்ல."

"பக்கத்துலயா?"

"எனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரே ஒரு ஆளுதான்."

பெருநாளுக்கு முந்தைய சாயங்காலம் மேசையில் கூட்டம் இல்லை. ஸுஹைர், நஜீமா, பேசாமல் ஆடும் யாரோ ஒருவர், அவ்வளவுதான்.

"பெருநாள் வேலையெல்லாம் முடிஞ்சுதா தாஞ்சியர்ல?" என்று கேட்டான்.

"முடிஞ்சுது. உனக்கு?"

"எனக்கென்ன. நாளைக்கும் வேலை."

"வீட்டுக்குப் பேசலையா?"

அந்த ஆட்டத்தை ஆடி முடித்தான். பிறகு எழுதினான்: "பேச ஆள் இல்ல. கூப்பிட வேணாம்னுட்டாங்க."

அந்த நேரத்தில் நஜீமாவுக்கு இரண்டு ஏழு வந்தது, ஆர்ட்டின் ஒன்று, ஸ்பேட் ஒன்று. தான் எழுதப் போவது தனக்கே தெரியவில்லை என்று பின்னால் சொன்னாள். கை தானாக அடித்துவிட்டது: "ரோந்தா."

தெத்துவானில் எத்தனையோ பேர் அப்படிச் சொல்வார்கள். ஆனால் போக்கர் மேசையில் உட்கார்ந்தும் ஜோடியைக் கத்துகிற ஆள், சின்ன வயசில் அவனோடு ரோந்தா ஆடிய அக்காவைத் தவிர வேறு யார்?

"நஜீமா?"

"ம்."

அவன் வட்டம் காலியானது. பெயர் போய்விட்டது, சைக்கிளும் போய்விட்டது.

பெருநாள் கழித்து வேலைக்கு வந்தவள் யாரோடும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஸலாம் மட்டும் சொன்னான்: சாயங்காலம் கடைக்கு வருகிறாள், ஆப்பில் அதே மேசையில் உட்காருகிறாள், சீட்டைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டாயமாக வைக்க வேண்டிய வில்லை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. தீர்ந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகிறாள். "ஆடு அக்கா, சும்மா இருந்தா கரைஞ்சிடும்னேன். கரையட்டும்ங்கறாங்க" என்றான்.

அத்தி பழுக்கும் காலம் வந்தது. ஒரு நாள் உணவு இடைவேளையில் நஜீமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து பாதியை என்னிடம் தந்தாள்.

"வந்தான்" என்றாள்.

"என்ன சொன்னான்?"

"அப்பாவ எங்க வெச்சிருக்கீங்கன்னு கேட்டான். கபர்ஸ்தான்ல மேல் சுவர் பக்கம், மலை தெரியற இடத்துலன்னு எழுதினேன். யாரு தூக்கினாங்கன்னு கேட்டான். ஒவ்வொரு பேரா எழுதினேன். அப்புறம் நீ ஏன் இறால்னு பேர் வெச்சிருக்கேன்னான். இறால் உரிக்கறதுதான் என் வேலைன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"இங்க கடையில அதுதான் விக்குது அக்கா, நான் வாங்கித் தின்னுருக்கேன்னான்."

ரொட்டியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். இறால் கை என்பதால் இன்னும் எரிந்தது.

அவன் போன் நம்பர் தரவில்லை. குரலைக் கேட்டால் தாங்க மாட்டேன் என்று ஒருமுறை எழுதினானாம். நஜீமாவும் வற்புறுத்தவில்லை. ஆட்டம் மட்டும் நடந்தது. இப்போது அவள் நன்றாகவே ஆடுகிறாள். பிரேசில்காரன் அவளைக் கண்டால் வேறு மேசைக்குப் போய்விடுகிறான்.

போன வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் கூஸ்கூஸ் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம்வரை இருந்தேன். நஜீமா போனில் ஆட உட்கார்ந்ததும் அவள் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குக் கண்ணில் புரை.

"எதுடி அவன்?"

"இந்த வட்டம்."

அம்மா விரலை நீட்டிச் சைக்கிளைத் தடவினார். விரல் வழுக்கிக் கீழே ஏதோ பொத்தானில் பட, நஜீமாவின் சீட்டு இரண்டும் பறந்து போனது. ராஜாவும் ராணியும். அப்போது யாரும் பந்தயம் வைத்திருக்கவில்லை, பேசாமல் இருந்தாலே போதும்.

"சும்மா இருக்க வேண்டிய நேரத்துல ஏன் சீட்டக் கீழ போட்டே?" என்று எழுதினான் ஸுஹைர்.

"நான் இல்ல. அம்மா."

"பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க. படத்தத் தொட்டுப் பாத்தாங்க."

நஜீமா ஒவ்வொன்றையும் படித்துச் சொல்ல, அம்மா தலையை ஆட்டினார். பிறகு, "எப்ப வருவேன்னு கேளு" என்றார்.

நஜீமா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மா சொன்னதை அப்படியே அடித்தாள். அந்தச் சுற்றில் ஸுஹைரின் முறை வந்தது. சைக்கிளைச் சுற்றியிருந்த பச்சைக் கோடு நேரம் ஓட ஓடக் குறைந்துகொண்டே வந்து, முடிந்தது. அவன் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆட்டத்திற்கு எல்லோருக்கும் இரண்டிரண்டு சீட்டு விழுந்தது. அவன் எழுந்து போகவில்லை.

"என்ன சொல்றான்?" என்றார் அம்மா.

"இருக்கான்ம்மா" என்றாள் நஜீமா.