நிறுவனத்தின் சொந்த யோசனை

எங்கள் மையத்துக்கு இருபது வயது ஆகிறதென்று மலர் போடுகிறார்கள். பரீதாவைப் பற்றி இருநூறு சொல்லில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். பூன் லேயில் வளர்ந்தாள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்தாள், மறுசுழற்சி செய்து பிழைக்கும் சிறு நிறுவனங்களுக்குப் பதினேழு ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறாள், பலரைக் கைதூக்கி விட்டிருக்கிறாள். அந்த இருநூறு சொல்லில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதை யாரும் மலரில் போடப் போவதில்லை.

நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் ஆலோசகர். நான், மாணிக்கம், அவளோடு கூடவே போய்க் குறிப்பெடுப்பவன். பழைய இரும்பு, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், சமைத்து மிஞ்சிய எண்ணெய் என்று ஊர் தூக்கிப் போடுவதை எடுத்துப் பிழைப்பவர்களுக்கு உரிமம் வாங்கித் தருவது, மானியத்துக்கு எழுதிக் கொடுப்பது, சான்றிதழ் கிடைக்க வழி செய்வது எங்கள் வேலை. மற்ற ஆலோசகர்கள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். பரீதா தலைமுக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே கடையின் பின்பக்கம் போவாள். எண்ணெய் டின்னில் விரலை விட்டு மோந்து பார்ப்பாள். "இது வடைச் சட்டி. இது மீன் பொரிச்சது. இதுல நேத்து அப்பளம் போட்டிருக்காங்க" என்பாள். சமையல்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த மூக்கின் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கும் அவளைப் பார்த்துப் பெருமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த யோசனையையும் வாயால்தான் சொல்வாள். அறிக்கை எழுதும்போது அதை அந்த நிறுவனத்தின் பேரிலேயே போடுவாள். 'இது நிறுவனத்தின் சொந்த யோசனை' என்ற வரி அவள் அறிக்கைகளில் எல்லாம் இருக்கும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்க பேர்ல போட்டாத்தான் மானியம் கொடுக்கிறவங்களுக்கு அவங்க மேல நம்பிக்கை வரும், மாணிக்கம். என் பேர்ல போட்டா எனக்கென்ன மெடலா தரப்போறாங்க?"

பதினேழு ஆண்டில் நான் கேட்ட பெருந்தன்மையான பேச்சு அதுதான். அதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

நடேசனுக்கு அறுபது வயது. முன்னே மளிகைச் சாமான் லாரி ஓட்டியவர். பிறகு பழைய லாரி ஒன்றை வாங்கி, சிராங்கூன் சாலையின் இருபக்கத்துச் சந்துகளிலும் உள்ள உணவகங்களில் பயன்படுத்திய எண்ணெயைச் சேகரிக்க ஆரம்பித்தார். காலை ஆறு மணிக்கு தேக்காவில் தொடங்கினால் பதினொரு மணிக்கு டன்லப் ஸ்திரீட்டில் முடிப்பார். பூன் லே பக்கம் ஒரு சிறிய கொட்டகை. அங்கே எண்ணெயை வடிகட்டி, தெளியவிட்டு, பீப்பாயில் அடைத்து சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்புவார். அது விமான எரிபொருள் ஆகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம பரோட்டா எண்ணெயில ஃபிளைட் பறக்குதுலா" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். செங்காங்கில் அவர் வீட்டுக்குப் போனால் மனைவி சந்திரமதி வாசலிலேயே அவர் கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

ஆலை, சான்றிதழ் இல்லாதவரிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியபோது நடேசனுக்குச் சான்றிதழ் வாங்கித் தந்தவள் பரீதா. ஒன்றரை ஆண்டு அலைந்தாள். அந்தச் சான்றிதழின் உயிர்நாடி ஒரே ஒரு விதி. எண்ணெய் சமையலுக்குப் பயன்பட்டதாக இருக்கவேண்டும். புது எண்ணெயைக் கலந்து பழையது என்று ஏமாற்றுகிறவர்கள் உலகம் முழுக்க இருப்பதால், அடுப்பில் ஏறாத எண்ணெய் ஒரு சொட்டு கலந்தாலும் சான்றிதழ் தருகிறவர்கள் விடமாட்டார்கள். ஒவ்வொரு உணவகமும் ஆண்டுக்கு ஒருமுறை அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். இதை நடேசனுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டியவளும் பரீதாதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் ஒரு கோயிலின் பின்சந்தில் லாரியருகே நின்றிருந்தோம். உள்ளேயிருந்து ஓர் ஊழியர் விளக்குத் தட்டுகளில் மிஞ்சிய எண்ணெயை வாளியில் கொண்டுவந்து குப்பைப் பையில் ஊற்றினார். பரீதாவுக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போய், கேட்டுக்கொண்டு, விரலால் தொட்டு மோந்தாள்.

"அண்ணே, இது வீணாப் போகுது. நீங்களே எடுத்துக்கலாமே?"

நடேசன் பின்வாங்கினார். "சாமிக்கு ஏத்துன எண்ணெய்ம்மா. அதைக் கொண்டுபோய் மீன் பொரிச்ச எண்ணெயோட ஊத்துறதா? மனசு ஒப்பலையே."

"குப்பையில போறதைவிட ஆகாயத்துல போறது நல்லதுதானே அண்ணே?"

அவர் சிரித்துவிட்டார். இருந்தாலும் கேட்டார். "சர்டிபிகேட்டுக்கு ஒண்ணும் பிராப்ளம் வராதே?"

"கருகின வாசம் நல்லாவே அடிக்குது. யூஸ் பண்ண எண்ணெய்தான். நான் இருக்கேன்ல?"

இதை நான் என் காதால் கேட்டேன். ஒரு கையில் தேநீர், ஒரு கையில் குறிப்பேடு. குறிப்பேட்டில் எழுதவில்லை, வாயால் சொல்வதை எழுதக்கூடாது என்பது அவள் வைத்த வழக்கம். கருகிய வாசம் அடித்ததால் அது பயன்படுத்திய எண்ணெய் என்று அவள் மூக்கு முடிவுசெய்துவிட்டது. விளக்கில் எரிந்தாலும் அது அடுப்பில் ஏறவில்லை என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலாண்டு அறிக்கையில், 'கோயில் விளக்குகளில் மிஞ்சும் எண்ணெயைச் சேகரிப்பது நிறுவனத்தின் சொந்த யோசனை' என்று எழுதினாள். அது எல்லாருக்கும் பிடித்துப்போனது. மையம் ஒரு சின்ன விழா வைத்து நடேசனுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அவர் முதலில் எல்லாரிடமும், "பரீதாம்மா சொன்னதுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள்தான் அடக்கினாள். "உங்களோடதுன்னு சொல்லுங்க அண்ணே. மானியம் வரப்போற நேரம்." விழாவில் பேச அவருக்குச் செந்தமிழில் ஒரு பக்கம் எழுதியும் கொடுத்தாள். 'எனது உள்ளத்தில் உதித்த எண்ணம்' என்று அவர் தடுமாறித் தடுமாறிப் படித்தார். சந்திரமதி முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாளியும் கையுமாக நடேசன் நிற்கிற படம் சட்டம் போட்டு அவர் கொட்டகைச் சுவரில் மாட்டப்பட்டது.

சான்றிதழின் இரண்டாம் ஆண்டுத் தணிக்கைக்கு வந்தவர் வடிகட்டியில் கிடந்த பஞ்சுத் திரிகளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். நடேசன் சந்தோஷமாக அவரைச் சுவரருகே கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினார். தணிக்கையாளர் நல்ல படம் என்று பாராட்டிவிட்டு, தன் கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

மாதம் நான்கு டன் எண்ணெயில் கோயில் எண்ணெய் பதினொரு கிலோ. அதையெல்லாம் யார் கேட்டார்கள்? சமைக்காத எண்ணெய் கலந்திருக்கிறது என்று சான்றிதழ் தருகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். விதி தெளிவாக இருந்தது. பதிவுபெற்ற ஆலோசகர் தப்பாக வழிகாட்டியிருந்தால் நிறுவனத்துக்கு எச்சரிக்கையோடு போகும், ஆறு மாதத்தில் சரிசெய்துகொள்ளலாம். நிறுவனமே தானாகச் செய்திருந்தால் சான்றிதழ் ஐந்து ஆண்டுக்கு ரத்து. அறுபது வயதுக்காரருக்கு ஐந்து ஆண்டு என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

எங்கள் இயக்குநர் அஹ்சன் பரீதாவைக் கூப்பிட்டார். என்னையும் உட்காரச் சொன்னார். மனிதர் குரலே உயர்த்தமாட்டார்.

"நீங்க சொன்னதுன்னு ஒத்துக்கிட்டா உங்க ரெஜிஸ்ட்ரேஷன் போயிடும். நீங்க சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்த இருபத்து மூணு கம்பெனியையும் திரும்ப நோண்டுவாங்க. ஒரு நடேசனா, இருபத்து மூணு குடும்பமா? நான் எதுவும் சொல்லல. நீங்களே யோசிங்க."

"அவர் என்னை நம்பித்தான் சார் செஞ்சாரு" என்றாள் பரீதா.

"ரிப்போர்ட்ல அப்படி இல்லையே" என்றார் அவர், மெதுவாக.

இருபத்து மூன்று என்ற எண் அன்று முழுக்க அவளோடு இருந்தது. சாப்பிடும்போது அந்த நிறுவனங்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். சுவா சூ காங்கிலுள்ள தன் வீட்டுக்கு இன்னும் பத்து ஆண்டுத் தவணை பாக்கி இருப்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அதை நானும் சொல்லவில்லை.

விசாரணை எங்கள் கூட்ட அறையிலேயே பிற்பகலில் நடந்தது. நடேசன் விழாவுக்குப் போட்ட அதே சட்டையைப் போட்டு வந்திருந்தார். பயப்பட்டதாகவே தெரியவில்லை. பரீதா இருக்கிறாள் அல்லவா? விசாரணை அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"இது யார் யோசனைன்னு கேக்கிறாங்க அண்ணே."

அவர் பரீதா பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா."

காட்டிக்கொடுக்க வேண்டாம், அவள் வாயாலேயே வரட்டும் என்று மரியாதைக்காக அவளிடம் விட்டார் மனிதர். அவர் செய்த தப்பே அந்த மரியாதைதான்.

பரீதா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அறிக்கையில என்ன இருக்கோ அதுதான்."

"அம்மா?"

"நிறுவனத்தோட சொந்த யோசனைன்னு இருக்கு. விழாவுலயும் நீங்க அப்படித்தான் பேசுனீங்க, அண்ணே."

அண்ணே என்ற சொல் அந்த இடத்தில் எப்படித்தான் வாயில் வந்ததோ. நடேசன் என்னைப் பார்த்தார்.

"மாணிக்கம் தம்பி, நீங்களும் அங்கதானே இருந்தீங்க? கையில டீ வச்சிருந்தீங்களே?"

இந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பரீதாவைத் திட்டுவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் நடந்தது இதுதான்: "எனக்கு ஞாபகம் இல்லண்ணே" என்றேன். தேநீரில் சர்க்கரை தூக்கலாக இருந்தது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருந்தது.

அதிகாரி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். நடேசன் இல்லை என்று தலையாட்டினார். எழுந்து போகும்போது நாற்காலியைச் சரியாக மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் போனார்.

பரீதா கழிவறைக்குப் போய் இருபது நிமிடம் கழித்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. நெஞ்சு கரைந்து ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். விசாரணைக் குறிப்பைத் தட்டச்சு செய்தாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன்.

சான்றிதழ் போயிற்று. இரண்டே மாதத்தில் கொட்டகை போயிற்று, லாரியும் போயிற்று. அவர் எண்ணெய் எடுத்துவந்த கடைகளை ஒரு பெரிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதற்கும் ஆலோசகர் பரீதாதான். விசாரணையில் மையத்தின் பேரைக் காப்பாற்றியதற்கு அஹ்சன் அவளை மூத்த ஆலோசகராக்கியிருந்தார். அந்த நிறுவனத்துக்குச் சந்துகளை அறிந்த ஓட்டுநர் தேவைப்பட்டபோது அவளே நடேசனைச் சிபாரிசு செய்தாள். "பாவம், ஏதாச்சும் செய்யணும்ல?" என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி. அறைந்துவிடலாம் போல இருந்தது. எந்தக் கையால் அறைவது? குறிப்பெடுத்த கைதானே இது.

போன மாதம் அந்த நிறுவனத்தைப் பார்வையிடப் போனோம். டன்லப் ஸ்திரீட் பின்சந்தில் பச்சை இலை வரைந்த புது லாரி நின்றது. நடேசன் சீருடையில் டின்களை ஏற்றிக்கொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். பரீதா வேலைநேரம், ஓய்வுநேரம் என்று எல்லாம் விசாரித்துப் படிவத்தில் குறித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு கேள்வி உண்டு. அதை ஒவ்வொரு தொழிலாளரிடமும் கேட்டே ஆகவேண்டும்.

"வேலையை இன்னும் நல்லாச் செய்ய, உங்ககிட்ட ஏதாச்சும் யோசனை இருக்கா அண்ணே?"

பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பேனா அப்படியே நின்றது.

நடேசனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். அவர் உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார்.

"எனக்கு ஏதும்மா யோசனை? இருந்தது ஒண்ணு. அதுவும் நீங்க சொன்னதுதானே."

பரீதா அந்தக் கட்டத்தில் 'யோசனை ஏதும் இல்லை' என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. நான் போட்டேன்.