முன்னே நகர்ந்த பிடி

பழைய பில்லியர்ட்ஸ் கோல்களின் பிடியைப் புதுப்பிப்பது அவள் தொழில். கை வழுக்காதிருக்கப் பிடியில் சுற்றிய லினன் நூலோ தோலோ நைந்தால், ஆட்டக்காரர்கள் அவளைத் தேடி வருவார்கள். முன்னறையில் அவளுடைய கடைசல் எந்திரம்; பின்னறையில் கணவரின் ஆட்டமேசை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அவர். ஒருவர் அறைக்குள் மற்றவர் மூக்கை நுழைக்காததால் இல்லறம் இனிதே நடந்தது.

சில மாதங்களாக அவர் அடித்த பந்து குழியை விட்டு விளிம்பையே நாடியது. வாரந்தோறும் ஆட வரும் அவள் தம்பி சும்மா இருப்பானா? அத்தான் கோலில் இனித் துணி காயப்போடலாம் என்றான். அவரும் சிரித்தார். ஆனால் மறுநாளே, அந்தப் பழங்கோலை விற்றுவிட்டு ஆட்டத்துக்கும் முழுக்குப் போடுவதென்று, பழம்பொருள் வணிகர் ஒருவரை வரச்சொன்னார்.

அவளோ அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பாராமல், கோலின் அடிப்பக்கத்தைப் பற்றும் அவர் பின்கையைப் பார்த்தாள். முதுகு முன்போல் வளையாததால், கை நூற்பிடியை விட்டு ஒரு சாண் முன்னே வந்து வார்னிஷ் பூசிய வெறும் மரத்தைப் பற்றியிருந்தது. வியர்த்த உள்ளங்கை அதில் ஒட்டி ஒட்டி விலகியது. ஊரார் கைகளையெல்லாம் அளந்தவள், இந்தக் கையைப் பாராதிருந்ததற்கு நாணினாள்.

“உங்க கை போகலைங்க. முன்னால வந்திருக்கு, அவ்வளவுதான்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றான் தம்பி.

“கூடம் கோணல்தான்டா. அளந்து பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

பழைய பிடி மரத்தில் குடைந்த பள்ளத்தில் இருந்தது. அதை நகர்த்த வேண்டுமானால் மரத்தைக் குடைய வேண்டும். பழைய மரத்தில் உளி வைக்க அவளுக்கு மனம் வராது. ஆகவே கோலை எந்திரத்தில் மெல்லச் சுழலவிட்டு, வெறும் மரத்தின் மேலேயே மெல்லிய லினன் நூலைப் பசையின்றி இழையோடு இழை நெருங்கச் சுற்றினாள். நுனியை உள்ளே இழுத்து மறைத்து, கண்ணாடிக் குப்பியால் தேய்த்துப் படியவைத்தாள்.

விற்கப்போகும் கோலுக்கு எதற்கு அலங்காரம் என்று கணவர் முணுமுணுத்தார். ஆயினும் வாங்கிப் பார்த்தார். முதல் பந்து தவறியது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழவே, தம்பி நாற்காலியை விட்டு எழுந்து மேசையருகே வந்து நின்றான்.

அவ்வேளையில் வணிகர் நுழைந்து, கோல் எங்கே என்று வினவியபடி கணவரின் பின்னால் வந்து நின்றார்.

குனிந்தவர் நிமிராமலே சொன்னார்: “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். கோல் இடிக்கும்.”