தாய்மாமன் சீரும் பூமாரியின் ஷெட்டும்

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றி ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தால் அதன் சொந்தக்காரருக்குக் காய்ச்சல் வந்துவிடும். உடனே ரூம் கட்டுவார். ரூம் மேல் ரூம் கட்டுவார். மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிய முக்கோணத்தையும் ஷிப்டுக்கு ஒருவராக வாடகைக்கு விட்ட பிறகுதான் அவருக்குத் தூக்கம் வரும். இப்படிப்பட்ட ஊரில் பூமாரி தன் வேனை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

பூமாரிக்குச் சங்கரன்கோவில் பக்கம். கம்பெனி லைனில் நின்று வேலை பார்க்க வந்தவள், லைனை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். இப்போது அதே கம்பெனிப் பெண்களை ஹாஸ்டலில் இருந்து ஷிப்டுக்கு ஏற்றிப் போகிறாள். வேன் சொந்த வேன்தான், அது நிற்கிற தரைதான் எப்போதும் வேறு யாருடையதோ. எந்த இடத்தில் நிறுத்தினாலும் கொஞ்ச நாளில் ஹவுஸ் ஓனர் பல் குத்திக்கொண்டே வந்து, "வண்டிய எடும்மா, ரூம் கட்ட கம்பி இறங்குது" என்பார். ஹைவே ஓரமாக விட்டாலோ காலையில் டீசல் டேங்க் உண்ணாவிரதம் இருக்கும். தனக்கு வீடு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வண்டிக்கு ஒரு வீடு வேண்டும், அந்த வாசலில் நின்று எவனும் 'வண்டிய எடு' என்று சொல்லக் கூடாது. அவள் ஆசை இவ்வளவுதான்.

அப்படித்தான் உள்ளூர்க்காரர் டில்லிபாபுவின் ஷெட் விலைக்குக் கிடைத்தது. அவருடைய அப்பா லாரி வைத்திருந்த காலத்தில் கட்டியது. ஷட்டர் உண்டு, சிமென்ட் தரை உண்டு, கூரையில் ஓட்டை ஒன்றே ஒன்று. பூமாரி வேனை ரிவர்ஸில் விட்டுப் பார்த்தாள். கண்ணாடி உரசவில்லை. திரும்ப வெளியே எடுத்தாள். வெண்ணெயில் கத்தி போல வந்தது. வண்டி போகிறது என்றால் வழி இருக்கிறது என்றுதானே ஓட்டுகிறவர்கள் நினைப்பார்கள்? அவளும் அப்படியே நினைத்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் வக்கீல் ராஜசேகரிடம் பத்திரங்களைக் கொடுத்தாள்.

ராஜசேகர் எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஷெட் ஓகேம்மா. வில்லங்கம் இல்ல. பட்டா டில்லிபாபு பேர்லயே தனியா கீது. உனக்கு ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியுமா?"

"எதுக்கு சார்?"

"பத்திரத்துல நாலு பக்கமும் எல்லை போட்டிருக்கு, ஒண்ணுலகூட ரோடு இல்ல. ரோட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல இருக்கறது அவர் தங்கச்சி கங்கம்மா இடம். அப்பா சொத்தைப் பாகம் பிரிக்கறப்ப 'போக வர பாதை எழுதட்டுமா'ன்னு பத்திரம் எழுதறவர் கேட்டிருக்கார். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கோவம் வந்துடுச்சாம். 'எங்களுக்குள்ள இன்னாய்யா பாதை'ன்னு அவரையே திட்டி அனுப்பியிருக்காங்க."

"இப்ப எழுதிக்கிட்டா போச்சு."

"இப்ப அவங்க பேசிக்கறதில்லையே."

"கோர்ட்டுக்குப் போனா, சார்?"

"போலாம். வழியும் கிடைக்கும். அதுக்குள்ள உன் வேன் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்."

ஒரு வக்கீல் தன் பிழைப்புக்கு எதிராகவே இப்படிப் பேசினால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அன்று ராஜசேகருக்குக் கடுமையான பல்வலி.

பூமாரி நேராகக் கங்கம்மாளிடம் போனாள். கங்கம்மாள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாமே, அந்த ஆளு அனுப்பினானா?"

"இல்லக்கா, நானாத்தான் வாரேன். வண்டி போக வழி எழுதித் தரணும்."

"அண்ணன்னா குடுப்பேன். அவன் அண்ணனா? எம் பொண்ணு பிரவீனா பெரியவளாகி சடங்கு சுத்தறோம். தாய்மாமன் சீரு எடுத்துகினு வரணுமா இல்லியா? இவன் கம்பெனில ஓ.டி. பாத்துகினு கீறான்! தாய்மாமன் எங்க, தாய்மாமன் எங்கன்னு ஊரே கேக்குது. மிஷினுக்கு முறை செய்யப் போயிட்டான்னு சொல்றதா?" மீனின் தலை தனியே போய் விழுந்தது. "அந்தச் சீரை எடுத்துகினு வரச் சொல்லு. அப்பால கையெழுத்து போடறேன்."

"அக்கா, பிரவீனாவுக்குக் கல்யாணமே ஆயிட்டுல்லா?"

"அதுக்கு? தாய்மாமன் மாறிட்டானா?"

பூமாரி அதை டில்லிபாபுவிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு அவள்மேல் ஏற்கெனவே ஒரு வருத்தம் உண்டு. பூமாரி தெற்கத்தி வழக்கப்படி அவரை 'அண்ணாச்சி' என்பாள். அவருக்கோ மளிகைக்கடைத் தராசுக்குப் பின்னால் தன்னை உட்காரவைத்த மாதிரி இருக்கும்.

"அன்னிக்கு சூப்பர்வைசர் லீவு தரலம்மா. நான் இன்னா பண்றது?" என்றார்.

"இப்ப நீங்கதான அண்ணாச்சி சூப்பர்வைசர்? உங்களுக்கு நீங்களே லீவு குடுங்க."

"இத்தினி வருஷம் கழிச்சு தட்டைத் தூக்கினு போனா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கணும்னுதான் அக்கா சொல்லுதாக."

டில்லிபாபு சீருக்கு எத்தனை தட்டு என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு தட்டு யார் தூக்குவது என்று கேட்டார். பாதிச் சம்மதம் என்று அதற்கு அர்த்தம்.

மீதிச் சம்மதத்தைப் பூமாரியின் வேன் கொண்டுவந்து இறக்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் யூனிபாரத்தோடும் கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டோடும் சேலை, வளையல், வாழைப்பழம், நல்லெண்ணெய், முட்டை என்று தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். லைனில் நின்று பழகிய கால்கள், வரிசை கோணவே இல்லை. முன்னால் டில்லிபாபு, சடங்குக் குடிசை கட்டப் பச்சை ஓலையோடு. தெருவே வாசலில் நின்று சிரித்தது. பிரவீனா ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். ஊரார் லீவு லெட்டரை எல்லாம் திருப்பி அனுப்புகிறவள். மடியில் கைக்குழந்தையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, எனக்கு வளைகாப்பே ஆயிடுச்சு மாமா."

"உக்காருடி. இது அதுக்கு முந்தினது," என்றார் டில்லிபாபு, ஓலையைச் சாத்திக்கொண்டே.

குழந்தை சீர்ப்பழத்தில் ஒன்றைப் பிய்த்துத் தின்றது. கங்கம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எங்கண்ணன் லீவு போட்டுட்டு வந்துகீது!" என்று கத்தினாள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அப்புறம் சார்பதிவாளர் ஆபீசில் டோக்கன், போட்டோ, கைரேகை. ஷெட் பூமாரி பேருக்குக் கிரயமானது. வேன் போக வர வழியைச் சூரிய சந்திரர் உள்ளவரை அனுபவித்துக்கொள்ளலாம் என்று கங்கம்மாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

முதல் நாள் விடியற்காலை பூமாரி ஷட்டரைத் தூக்கி, வண்டியைக் கிளப்பி, லைட்டைப் போட்டாள். வழி முழுக்க ஒரு மயில் தோகை விரித்து நின்றது. கோலமாவு டப்பாவோடு பக்கத்தில் கங்கம்மாள்.

"அக்கா! பத்திரத்துல வழி எழுதியிருக்கே?"

"யாரு இல்லன்னா? போ. கோலத்து மேல ஏத்தினு போறதுன்னா தாராளமா போ."

சங்கரன்கோவில் பக்கம் பிறந்த எவளும் கோலத்தை மிதிக்கமாட்டாள் என்று கங்கம்மாளுக்குத் தெரியும். பூமாரி இன்ஜினை அணைத்து இறங்கினாள். வேனையும் மயிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, டயர் ரெண்டு ஓரத்துலதான ஓடுது? நடுவுல போடுங்க. வேனு மேலால போயிரும், கோலத்துல தூசிகூட விழாது."

கங்கம்மாள் யோசித்தாள். குனிந்து மயிலின் தோகையை இரண்டு பக்கமும் கையால் நீவி ஒதுக்கினாள். பிறகு வேனுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு டயரில் இருந்து மறு டயர் வரை சாண் போட்டு அளக்கத் தொடங்கினாள், நாளைக்கு வேண்டுமே. பூமாரியின் செல்போன் அடித்தது. ஹாஸ்டல் பெண்கள்.

"அக்கா, எங்க நிக்கீங்க? ஷிப்டுக்கு நேரமாச்சு!"

"எங்க வாசல்ல கோலம் போடுதாக. முடிஞ்சதும் வாரேன்."

"உங்க வாசல் இல்ல, என் வாசல்," என்று கங்கம்மாள் கீழிருந்தபடியே திருத்தினாள். சாண் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.